வில்லுக்கு நாண், பூவுக்கு நார்: மரல் தோற்ற கதை

பி.காம். படிக்கிறவனுக்கு வில் அம்பு எதற்கு என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்க வியாபாரக் கதைதான்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் தொட்டியில் ஒரு 'ஸ்நேக் பிளான்ட்'. நர்சரியில் 250 ரூபாய் கொடுத்து வாங்கினாளாம். ஒடிந்து கிடந்த ஓர் இலையை எடுத்து ஸ்பூனால் வழித்துப் பார்த்தேன். பச்சைச் சதை போனதும் உள்ளே வெள்ளை வெள்ளையாக நீள இழைகள்! அதை இரண்டு புரியாகப் பிரித்து, தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் முறுக்கினேன். ஒரு புரி பிரியப் பார்த்தால் இன்னொன்று விடாது. கயிற்றின் ரகசியமே அவ்வளவுதான். இழுத்துப் பார்த்ததில் கயிறு அறவில்லை, என் கைதான் சிவந்தது.

அந்தத் தொட்டிச் செடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அதன் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் நம் வறண்ட காடுகளிலேயே இருக்கிறான். பெயர் மருள். சங்க நூல்களில் மரல். மலைபடுகடாத்தில் உலர்ந்த மரல் நாரில் பூத்தொடுத்துத் தலையில் சூடுகிற காட்சி வருகிறது. ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே 'வில்நாண் நார்' என்ற பொருளில்தான் இருக்கிறது. ஏன் தெரியுமா? வில்லுக்கு நாண் மெல்லியதாகவும் இருக்க வேண்டும், அறவும் கூடாது, நீண்டு கொடுக்கவும் கூடாது. நாண் நீண்டால் வில்லின் விசை அம்புக்குப் போய்ச் சேராது. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற நார் எளிதில் கிடைப்பதில்லை.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலை பற்றிய பகுதியில் நாணுக்கான பொருள்களைப் பட்டியல் போடுகிறது: மூர்வா, எருக்கு, சணப்பு, கவேது என்ற புல், மூங்கில், விலங்கின் தசைநார். ஆறில் ஐந்து தாவரம்! நாம் கண்டுகொள்ளாத எருக்கஞ்செடிக்கு அங்கே இரண்டாவது இடம். மூர்வா எந்தச் செடி என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வங்காளத்தில் அந்தப் பெயரில் வழங்கியது நம் மருள்தான்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கப்பற்படையின் கயிற்றில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வந்த ஹெம்ப் நாரில் ஆனது. ரஷ்யா பகையானால் கப்பலுக்குக் கயிறில்லை. அதனால் மாற்று தேடினார்கள். 1793 முதல் 1813 வரை கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய நார்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 4 அடி நீள மூர்வாக் கயிறு 120 பவுண்டு (சுமார் 54 கிலோ) தாங்கியது. அதே பருமனுள்ள ரஷ்ய ஹெம்ப் 105 பவுண்டுதான். இரண்டையும் 116 நாள் தண்ணீரில் ஊறப்போட்டார். ஹெம்ப் மக்கியே போனது. மூர்வா அப்போதும் 30 பவுண்டு தாங்கியது!

அப்படியானால் உலகச் சந்தையை மருள்தானே பிடித்திருக்க வேண்டும்? இல்லை. ராக்ஸ்பர்க்கின் கணக்கே பதில் சொல்கிறது. 40 பவுண்டு பச்சை இலைக்கு 1 பவுண்டு நார். அதையும் ஒவ்வோர் இலையாக வழித்தெடுக்க வேண்டும்.

ஜெயித்தது யார் என்று பாருங்கள்: கோணிச்சாக்குச் சணல். ஹெம்ப்பைவிட வலிமை குறைவு, ஈரத்தில் சீக்கிரம் மக்கும். ஆனால் வங்காள வயல்களில் ஏக்கர் ஏக்கராக விளையும், விலை மலிவு. 1830களில் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகள் அதை நூற்க ஆரம்பித்தன. 1853-56 கிரிமியப் போரில் ரஷ்யச் சரக்கு தடைபட்டதும் அதன் காலம் பிறந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்பவர் இந்திய நார்ச்செடிகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதி, அந்தப் போரின் நடுவே 1855ல் வெளியிட்டார். மருளும் அதில் இருக்கிறது. புத்தகத்தில் இடம் கிடைத்தது, சந்தையில் கிடைக்கவில்லை. பிறகு இரும்புக் கம்பிக் கயிறும் நைலானும் வந்தன.

வகுப்பில் 'தரமான சரக்கு தானாக விற்கும்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மருள் அதற்கு நேர் எதிரான சாட்சி. விற்காத சரக்கைப் பற்றிய அறிவும் மெல்ல மறைந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். வெளிநாட்டு உறவுக்காரனைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் வைக்கிறோம். காட்டிலிருக்கும் மரலைக் காட்டினால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

உங்கள் ஊர்ப்பக்கம் மருளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அதில் கயிறு திரித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்களேன். அடுத்த பதிவில் சந்திப்போம்!