மண்டலமா, வார்டா? 243எஸ் உறுப்பும் ஸ்ரீரங்கம் இழந்த நகர்மன்றமும்

நகராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளித்த 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1994 ஜூன் 1 அன்று, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சிராப்பள்ளி மாநகராட்சிக்குள் அடங்கின. ஆட்சியை மக்களின் வாசலருகே கொண்டுவர எழுந்த திருத்தம் ஒரு வயதை எட்டிய நாளில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவுநகரம் தன் மன்றத்தை இழந்தது.

இதை இழப்பாகவே கருதாத ஆய்வுமரபு ஒன்று உண்டு. குடிநீர், புதைசாக்கடை போன்ற பெரும்பணிகளுக்குப் பெரிய மாநகராட்சியே தகும். உள்ளூர்க் குரலுக்கு 'ஸ்ரீரங்கம் மண்டலம்' இருக்கிறது. 243எஸ் உறுப்பு கேட்கும் வார்டு குழுவின் இடத்தை மண்டலக் குழு நிரப்பிவிடுகிறது என்பது அதன் வாதம். முதற்பகுதியை மறுக்க வேண்டியதில்லை. சிக்கல் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

243எஸ் உறுப்பின் முதற்கூறு, மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகராட்சியில் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளைக் கொண்ட குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது. மண்டலவாதிகள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் கூறு, குழுவின் அமைப்பையும் அதன் இடங்களை நிரப்பும் முறையையும் மாநிலச் சட்டத்துக்கு விடுகிறது. மூன்றாம் கூறு, அந்தந்த வார்டின் மாமன்ற உறுப்பினர் குழுவில் இருந்தே தீர வேண்டும் என்கிறது. கவுன்சிலர்கள் மட்டுமே கூடும் குழுவைத்தான் சட்டம் எண்ணியிருந்தால், மூன்றாம் கூறு ஒன்றே போதும். இடங்களை நிரப்பும் முறை பற்றித் தனியே பேசும் தேவை எழுந்திருக்காது. ஆக, கவுன்சிலர் அல்லாத குடிமக்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு என்று கொள்வதே பொருந்தும். ஐந்தாம் கூறோ, வார்டு குழுக்களுக்குக் கூடுதலாக வேறு குழுக்களையும் மாநிலம் அமைக்கலாம் என்கிறது. மண்டலக் குழுவுக்கு இயல்பான இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

பல வார்டுகளுக்கு ஒரே குழு அமைவதை நான்காம் கூறு வெளிப்படையாக ஏற்கிறதே எனலாம். உண்மைதான், மண்டலக் குழு சட்டவிரோதம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்டதெல்லாம் போதுமானதாகிவிடாது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளும் சித்திரை வீதிகளும் கோயில் மதில்களுக்குள்ளேயே அமைந்த குடியிருப்புகள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலைந்தபின் அங்கே சேரும் குப்பைக்கும் திருவானைக்காவல் தெருவொன்றின் சாக்கடைக்கும் ஒரே கூட்டத்தில் பதில் தேடலாம். அந்த வீதிக்காரர்களை அங்கே உட்காரவைக்கத்தான் முடியாது.

மண்டலக் குழுவின் பலவீனத்தை 2016 அம்பலமாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் ஆட்சி வந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான். 243யு உறுப்பு ஒரு மன்றத்துக்கு அனுமதிக்கும் உச்ச ஆயுள் ஐந்தாண்டு. மன்றமே இல்லாத இடைவெளி அதைவிட நீண்டது. கவுன்சிலர்களால் மட்டுமே ஆன குழு அவர்களோடு சேர்ந்தே மறைந்தது. இந்த இடைவெளியில்தான், 2017 ஜூனில், திருச்சி பொலிவுறு நகரத் திட்டத்துக்குத் தேர்வானது. பெரும்பணிகள் நடந்தன, கணக்குக் கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லை.

2011 முதல் 2014 வரை முதலமைச்சரே ஸ்ரீரங்கத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார், ஊருக்கு என்ன குறை என்பாரும் உண்டு. அது தொகுதிக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நல்லாட்சிக் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை.

2022இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. மண்டலக் குழு போதுமானதாக இருந்திருந்தால் இந்த விதிகளுக்குத் தேவை இருந்திராது. அந்த அளவில் இங்கே முன்வைத்த வாசிப்புக்கு அரசின் செயலே துணை நிற்கிறது. ஆயினும் பகுதிப் பிரதிநிதிகள் நியமனத்தால் வருகிறார்கள், தெருவாசிகளின் வாக்கால் வருவதில்லை. இரண்டாம் கூறு மாநிலத்திடம் ஒப்படைத்த அதிகாரத்தை மாநிலம் அங்கே மட்டும் தளர்த்தவில்லை.