சவர்க்காரத்தில் காக்காப்பொன்

பிரிஞ்சாங் மலைச்சரிவில், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே ஓடும் ஓடைகளின் மணலை வெயிலில் உற்று நோக்கினால், செதில் செதிலாகச் சில துகள்கள் மின்னக் காணலாம். சிறுவர்கள் அவற்றைப் பொன்னென்று எண்ணிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்வதுண்டு. நம் முன்னோரும் ஒருகணம் அவ்வாறு மயங்கியே தெளிந்திருத்தல் வேண்டும்; இல்லையேல் அதற்குக் 'காக்காப்பொன்' என்னும் பெயர் வாய்த்திராது. இம்மலைத்தொடர் கருங்கல்லால் ஆயது. கருங்கல் காலப்போக்கில் உதிரும்போது, அதனுள் அடங்கிய அப்பிரகம் தனித்து வெளிப்படுகிறது. அவ்வளவே செய்தி.

எனினும் அந்த அப்பிரகம் இன்று நம் வீடுகளுக்குள் வேறொரு வழியில் நுழைந்துள்ளது. தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயும் கொண்டு, அடுப்பில் காய்ச்சாமல் வீட்டிலேயே சவர்க்காரம் செய்யும் பழக்கம் பரவி வருகிறது. அதற்கு நிறமூட்ட வாங்கும் சிறு பொட்டலங்களில் 'மைக்கா' என்று எழுதியிருக்கும். காக்காப்பொன்னுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரே அது. அந்தப் பொட்டலத்தின் வரலாறு நாம் நினைப்பதைவிட நீண்டது, தமிழரோடும் தொடர்புடையது.

வடமொழியில் முகிலுக்கு 'அப்ரம்' என்று பெயர். அதனடியாகப் பிறந்ததே அப்பிரகம் என்னும் சொல். சித்த மருத்துவர்கள் இதனைத் தூய்மை செய்து, புடமிட்டு, அப்பிரகச் செந்தூரமாக்கினர். ஏடு ஏடாகப் பிரியும் இக்கல் உரலில் இட்டு இடித்தாலும் எளிதில் பொடியாவதில்லை. ஆதலின் பழைய மருத்துவர்கள் ஓர் உபாயம் கண்டனர். அப்பிரகத் துண்டுகளை நெல்லோடு கலந்து கம்பளியில் முடிந்து, புளித்த காடியில் ஊறவைத்துக் கையால் பிசைவர். நெல்லின் கூர்முனைகள் ஏடுகளை அராவ, நுண்துகள் மட்டும் கம்பளியின் வழியே கசிந்து அடியில் படியும். இதற்குத் தானியாப்பிரகம் என்று பெயர். ஈரத்தில் அரைத்தால் ஏட்டின் மினுமினுப்புக் கெடாது என்னும் அதே நுட்பத்தை இன்றைய ஆலைகளும் கையாளுகின்றன. நெல்லும் கம்பளியும் செய்த வேலையை இப்போது பொறி செய்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

மருத்துவத்தின் பின் ஓவியம். 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள், கண்ணாடி போன்ற அப்பிரக ஏடுகளின்மீது வண்ணம் தீட்டினர். நெசவாளர், குயவர், தண்ணீர் சுமப்போர், திருவிழா ஊர்வலம் எனத் தென்னாட்டு வாழ்வு முழுவதையும் உள்ளங்கை அளவுள்ள ஏடுகளில் வரைந்து ஆங்கிலேயருக்கு விற்றனர். அவற்றுள் சில இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் அவற்றில் இல்லை.

பின்னர் மின்சாரம் வந்தது. வெப்பத்தைத் தாங்கி மின்னோட்டத்தைத் தடுக்கும் பொருளாக அப்பிரகத்தை உலகமே தேடலாயிற்று. 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கூடூர்ப் பகுதியிலும், வடக்கே கோடர்மா, கிரிடீ வட்டாரங்களிலும் சுரங்கங்கள் பெருகின. இரண்டாம் உலகப் போரின்போது வானொலிக் கருவிகளுக்கும் வானூர்திப் பொறிகளுக்கும் இது இன்றியமையாததாயிற்று. இதனைக் கொள்முதல் செய்யவே பிரிட்டனும் அமெரிக்காவும் 1942இல் ஒரு கூட்டுக் குழு அமைத்தன. வெட்டியெடுத்த பாளங்களைக் கத்தியால் மெல்லிய ஏடுகளாகப் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே.

இனிப் பொட்டலத்துப் பொடிக்கு வருவோம். வெறும் அப்பிரகத்திற்குச் சொல்லத்தக்க நிறம் இல்லை. முத்தின் ஒளியைச் செயற்கையாகப் பெற 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டார் மீன் செதிளின் சாரத்தைப் பயன்படுத்தினர். 1960களில்தான் அப்பிரகத் துகளின்மேல் டைட்டானியம் டையாக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசும் முறை வணிகத்திற்கு வந்தது. படலத்தின் தடிப்பு ஏற ஏற வெள்ளி, பொன், சிவப்பு, நீலம், பச்சை என நிறம் மாறும். சவர்க்காரக் குமிழியில் வானவில் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலத்தலின் விளைவு அது. இரும்பு ஆக்சைடு பூசினால் செம்பு நிறமும் வெண்கல நிறமும் கிடைக்கும்.

வீட்டில் செய்வோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. 100 கிராம் தேங்காய் எண்ணெய் சவர்க்காரமாக ஏறத்தாழ 18 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்; செம்பனை எண்ணெய்க்கு 14 கிராம் போதும். இந்தக் கடுங்காரத்தில் எல்லா நிறமும் நிலைப்பதில்லை. இரும்பு ஆக்சைடு அசையாது. பிரஷ்ய நீலம் கலந்த பொடியோ சிதைந்து பழுப்பாகிவிடும். பொட்டலத்தில் நீலம், கட்டியில் மண்ணிறம்! மேலும், சவர்க்காரம் ஒளி ஊடுருவாத பொருளாதலின், உள்ளே கலந்த துகளின் மினுக்கு பெரும்பாலும் மறைந்து நிறமே எஞ்சுகிறது. மேலே தூவியது மட்டுமே மின்னும். அதுவும் முதல் சில குளியலோடு சரி.

இத்தனை சிறிய மினுக்குக்காக யார் உழைக்கின்றனர் என்பதை மாணவர்க்குச் சொல்லாமல் விடுவது முறையாகாது. 1980இல் இந்தியா வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் கழிவுக் குவியல்களும் கைவிடப்பட்ட குழிகளும் அங்கேயே கிடந்தன. இன்றைய ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களின் ஏழைக் குடும்பங்கள் உரிமம் எதுவுமின்றி அவற்றைக் கிளறி, 'திப்ரா' எனப்படும் சிறு துண்டுகளைப் பொறுக்கி விற்று வாழ்கின்றன. அழகுப்பொருளுக்குப் பெரிய ஏடு வேண்டியதில்லை. அரைபடப்போகும் துண்டே போதும். குறுகிய குழிகளில் நுழையச் சிறுவரின் உடலே ஏற்றதாகிறது. 2016இல் இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் இக்குழிகளில் மாண்டதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிப்படுத்தினர்.

அதன்பின் சில நிறுவனங்கள் இயற்கை அப்பிரகத்தைக் கைவிட்டு, உலையில் உருக்கி ஆக்கும் செயற்கை அப்பிரகத்திற்கு மாறின. வாங்குவோர் மனத்திற்கு அது நிம்மதி தரலாம். ஆயினும் பொறுக்கி விற்ற குடும்பத்திற்கு அன்றாடக் கூலியும் போய்விடும். குழந்தை பள்ளிக்கு வந்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. எனவே 2017இல் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய பொறுப்பான அப்பிரகத்திற்கான கூட்டமைப்பு, இந்தியச் சரக்கை விலக்காமல், துண்டு பொறுக்கப்படும் ஊரிலிருந்து ஆலைவரை அதன் வழியைத் தடம் பற்றி, அவ்வூர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முயல்கிறது. இரண்டனுள் இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து. ஆனால் நம் கடைகளில் விற்கும் சிறு பொட்டலங்களில், பொடி எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்ற குறிப்பைக் காண்பது அரிது.