டிஜிட்டல் கோணமானி (மரவேலை)
ரம்பத் தகட்டின் சாய்வை எண்ணில் காட்டும், காந்த அடியுள்ள சிறு கருவி. முதலில் இயந்திர மேசைமேல் வைத்துப் பூஜ்யமாக்கி, பின் பற்களில் படாமல் தகட்டில் ஒட்ட வேண்டும். மேசை மட்டமாக இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. தேவை மேசைக்கும் தகட்டுக்கும் இடையிலான கோணமே. பூஜ்யமாக்காத அளவு, எத்தனை தசமம் காட்டினாலும் வீண். படச்சட்டத்தின் 8 வெட்டுகளும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால் கடைசி மூலை 4 டிகிரி விலகி நிற்கும்.

மரத்தில் எல்லா அளவும் இப்படிக் கருவி காட்டும் எண்ணல்ல. மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் மரச்சிற்பமும் பாடம். சிற்ப மரபின் அளவோ வேறு வகை: உருவத்தின் உயரத்தைப் பகுத்தே அங்குலம் பெறப்படும்; உத்தம தசதாலம் என்ற உருவ அளவு முறைக்கு 124 அங்குலம், அங்குலத்துக்கு 8 யவம்.

மாமல்லபுரம் போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும். தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் 0.01 மி.மீ. வரை காட்டினாலும், அங்கே அது அன்றைய கணக்குதான். தடிமன் பார்த்த அன்றே பொருத்திவிடுவது நல்லது.