வாந்திபேதியும் பணிவிடையும்

பண்டைத் தமிழ் நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகக் குறித்தது வேங்கட மலை. இன்று அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் சொந்த ஊருக்கு வரும்போது திருப்பதியைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. 1911-ஆம் ஆண்டுவரை வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கிய சித்தூரும் அம்மலைக்குச் செல்லும் வழியிலுள்ள ஊரேயாகும். இவ்வழிகளில் நம் முன்னோர் நடந்த காலத்தில், பக்தியோடு ஓர் அச்சமும் உடன் நடந்தது. அதுவே வாந்திபேதி.

1817-ஆம் ஆண்டில் வங்காளத்தில் பெருவாரியாக எழுந்த இந்நோய், மறு ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டிற்று. திருவிழாக் கூட்டம் சேருமிடமெல்லாம் குளத்து நீரும் கிணற்று நீரும் மாசுற்றன. நோய் யாத்திரிகரோடு சத்திரம்தோறும் சென்றது. நோய்க்கிருமி நீர்வழிப் பரவுவதை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவில் ஆராய்ந்து 1884-இல் நிலைநாட்டினார். காரணம் தெரிந்த பின்னரும் சிகிச்சை எளிதாகிவிடவில்லை.

இந்நோய் உடலின் நீரையும் உப்பையும் வடித்துவிட்டே உயிரைப் பறிக்கிறது. கடும் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் நீரைக்கூட இழப்பதுண்டு. இதனை உணராத அக்கால மருத்துவர் பலர், இரசக் கலப்பு மருந்தும் அபினும் கொடுத்தனர், இரத்தத்தையும் வடித்தனர். குடித்த நீர் வாந்தியாகிவிடும் என்றெண்ணித் தாகத்தால் துடித்தவனுக்கு நீரையும் மறுத்தனர். 1832-இல் தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் உப்புநீரை இரத்தக்குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆயினும் சத்திரத் திண்ணையில் கிடந்த ஏழை யாத்திரிகனுக்கு அம்முறை எட்டாக்கனியாகவே இருந்தது.

நோய் கிளம்பிய வங்காளத்திலிருந்தே நல்ல வழியும் பிறந்தது. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, 1953-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடுமை குறைந்த 186 நோயாளிகளுக்கு ‘அவோமின்’ மருந்தால் வாந்தியை அடக்கி, உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டியதை அதில் விவரித்தார். பேதிக்கு அவர் பயன்படுத்தியது, நம் முற்றங்களில் வளரும் கற்பூரவல்லி இலைச்சாறு! ஆயினும் உலகம் அன்று அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கவில்லை.

1971-இல் வங்கதேச அகதிகள் பங்கான் எல்லையில் குவிந்தபோது, ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோசு ஆகியவற்றைக் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உற்றாரையே அதனைப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்த சாவு, ஏறக்குறைய நான்காகக் குறைந்தது. குடலில் குளுக்கோசு உப்பையும் நீரையும் தன்னோடு ஈர்த்துச் செல்வதே இதன் இரகசியம்.

அங்கே நோயாளியைக் காத்தது கரைசல் மட்டுமன்று. அதை இடைவிடாது புகட்டிய கையும் ஆகும். அத்தகைய கைகளைப் பயிற்றுவிக்கும் பணி, சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில் 1909-இலேயே தொடங்கிற்று. ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே தாதியர் பள்ளியை நிறுவினார். 1946-இல் அது பட்டக் கல்வியாகவும் வளர்ந்தது. திருப்பதியில் 1960-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி எழுந்தது. ரூயா மருத்துவமனை அதனோடு இணைந்து பணிபுரிகிறது.

யாத்திரையிலோ இல்லத்திலோ ஒருவருக்கு வாந்தியும் பேதியும் கண்டால் நாம் செய்யற்பாலது யாது? வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் பொறுத்து, உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக மெல்லப் புகட்ட வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்பிட்ட கஞ்சியும் நன்றே. வாந்தியையோ பேதியையோ அடக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் குழந்தைகளுக்குத் தரலாகாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, மயக்கம் தோன்றினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, தாமதியாமல் மருத்துவமனை செல்லுதல் வேண்டும்.

நூற்றாண்டுக்கும் மேலாக மனிதர் தேடிய மருந்து, ஒரு குவளை நீரும் சிறிது உப்பும் சர்க்கரையுமே. அதற்கு உயிர் கொடுப்பது, நோயாளியின் அருகில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் பணிவிடையாகும்.