சாதிவெறியைக் குறித்து வைப்பவர்கள்

2023 ஏப்ரலில், எங்கள் கோலியனூரை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அந்த நாட்களில் கைப்பேசிகளில் சுற்றிய சாதிவெறிப் பதிவுகளை, தேதியும் நேரமும் போட்டு நாங்கள் சிலர் சேர்த்து வைக்கத் தொடங்கினோம். "இந்தக் கண்றாவியை எல்லாம் எதுக்குப்பா சேத்து வைக்கிறீங்க?" என்று தெருவில் பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித்துகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. இப்படிப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகு மனித உரிமை அமைப்புகளின் உண்மை அறியும் குழுக்கள் வரும். அவர்கள் எழுதிய அறிக்கைகள் இல்லையென்றால் நம் பக்கத்து உண்மை காவல்துறைக் கோப்போடு முடிந்துபோயிருக்கும். ஆனால் அந்தக் குழு தீ அணைந்த பிறகுதான் வரும். வெறுப்போ தீக்கு முன்பே வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பலாகக் கொன்ற காலத்தில், ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1895-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கான எண்ணிக்கையை வெள்ளையர் நடத்திய பத்திரிகைகளிலிருந்தே எடுத்தார். எதிராளியின் எழுத்தே சாட்சி ஆனது. இன்று நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

2015-ல் கோகுல்ராஜ் கொலை வழக்கின் முதல் குற்றவாளி யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோக்களை வெளியிட்டார். 2022-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019-ல் ஒரு சமூகத்தை இழிவுபடுத்திய ஒரே ஒரு ஆடியோவால் பொன்னமராவதியில் கலவரம் வெடித்து, 144 தடை உத்தரவு வந்தது. அதே 2019-ல், தேன்மொழி சௌந்தரராஜன் தலைமையிலான ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற தலித் அமைப்பு, ஆறு இந்திய மொழிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய்ந்தது. புகார் கொடுத்த பிறகும் 93 சதவீத வெறுப்புப் பதிவுகள் நீக்கப்படாமல் இருந்ததாக அது சொன்னது. கம்பெனி தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது என்பதே இதன் பாடம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) பிரிவு, பட்டியலின, பழங்குடி மக்கள் மீது எழுத்தாலோ பேச்சாலோ பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் இழிவுபடுத்துவதும் இச்சட்டத்தின் கீழ் வரும் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் வெறும் ஸ்கிரீன்ஷாட் நீதிமன்றத்தில் நிற்காது. இணைய முகவரி, தேதி, நேரம், பதிவான கருவி, சட்டப்படியான சான்றிதழ் எல்லாம் வேண்டும்.

எங்களுக்கு நாங்களே சில கட்டுப்பாடுகளும் வைத்திருக்கிறோம். பொய்ப் பெயரில் யாருடைய குழுவிலும் நுழைவதில்லை. கிடைத்ததை யாருக்கும் ஃபார்வர்ட் செய்வதில்லை. கோபத்தில் நாம் பகிர்ந்தாலும் பரவுவது அவர்களின் வெறுப்புதான்.

கண்காணிப்பது அரசின் கடமை. 1995 விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் அது எப்போது கூடியது, வாட்ஸ்அப் வெறுப்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நாங்களும் கேட்கிறோம். தீ வைத்த பிறகு வருகிற ஜீப் நமக்குப் பழகிவிட்டது. அதற்கு முன்பே வரவேண்டும் என்பதற்காகத்தான் எழுதி வைக்கிறோம்.