ஆக்சலாட்டல் திடீர் இறப்பு

அம்பிஸ்டோமா மெக்சிகானம் என்னும் அறிவியல் பெயருடைய, வாலுள்ள நீர்நில வாழ்வியான ஆக்சலாட்டல், வளர்ப்புத் தொட்டியில் வெளிக்காயமோ நாள்பட்ட நோயோ தெரியாமல் ஓரிரு நாளில் இறந்துபோவது. இது ஒரு நோயின் பெயரன்று. பல காரணங்கள் ஒரே முடிவில் வந்து சேரும் நிலை. "நேத்து ராத்திரிகூட நல்லா தின்னுச்சே" என்பதுதான் வளர்ப்பவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு. ஒழுங்காகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுவரை இருக்கக்கூடிய உயிர் இது. காரணம் தெரியாமல் செத்தது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தண்ணீரில்தான் இருக்கும். செத்ததைப் புதைத்துவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது அந்தத் தடயமும் சாக்கடையோடு போய்விடுகிறது.

இயல்பான வாழிடம்

மெக்சிகோ நகரின் தெற்கிலுள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களுமே இதன் பிறப்பிடம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், ஆண்டு முழுவதும் குளிர்ந்த நீர். அங்கே 1998-ல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை 2014 கணக்கெடுப்பில் 36 ஆகக் குறைந்தன. வீட்டுத் தொட்டிகளில் உள்ளவை காட்டில் பிடித்தவை அல்ல. 1864-ல் பாரிசுக்கு வந்து சேர்ந்த சில விலங்குகளில் தொடங்கிய ஆய்வுக்கூட வளர்ப்பின் வழிவந்தவையே மிகுதி. 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் மெக்சிகோவின் 50 பெசோ தாளிலும் இது இடம்பிடித்தது. பிள்ளைகள் இதைக் கேட்டு அடம்பிடிப்பதற்கு அந்த விளையாட்டே முக்கியக் காரணம் எனலாம்.

தமிழ்நாட்டில் தவளை, தேரை இனங்களும் காலில்லாத சிசிலியன்களும் உண்டு. வாலுள்ள நீர்நில வாழ்வி ஒன்றும் இயற்கையில் இல்லை. இந்தியாவிலேயே அவ்வகை இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கிலும் மட்டும்தான். ஆகவே ஆடு மாடு பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் இதைக் கண்டு தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வெப்பம்

திருவாரூர் மாவட்டத்து வலங்கைமான் போன்ற காவிரிப் படுகை ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெப்பத்தைத்தான். ஆக்சலாட்டலுக்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டிய நீரில் நாள் கணக்கில் இருந்தால் உடல் நலிந்து நோய்க்கு இடங்கொடுக்கும். டெல்டாவில் சித்திரை, வைகாசிப் பகல் 36 டிகிரிக்கு மேல் போவது வழக்கம். போர் தண்ணீர் சில்லென்று இருப்பதாகக் கைக்குத் தோன்றினாலும் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டி 28 டிகிரி அளவில்தான் அது மேலே வரும். அதாவது, அப்போதுதான் இறைத்த தண்ணீரே இந்த உயிருக்கு 10 டிகிரி கூடுதல்.

சூடேறிய நீர் இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரில் 15 டிகிரியில் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். உடலின் ஆக்சிஜன் தேவையோ அதே நேரத்தில் இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். மப்பும் மந்தாரமுமாக இருந்த நாளுக்கு மறுநாள் விடியலில் குளத்து மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவதைக் கண்ட டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக்சலாட்டலுக்கு நுரையீரலும் உண்டு, எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பே. அடிக்கடி விழுங்கினால்தான் ஆபத்து.

பனிக்கட்டி பாட்டிலை மிதக்கவிடுவது பரவலான கைவைத்தியம். மதியம் 20-க்கு இறங்கி இரவில் 29-க்கு ஏறும் நீர், நிலையாகச் சூடாக இருக்கும் நீரைவிட நல்லது என்று சொல்வதற்கில்லை. ஃபேன் வைத்தால் நீர் ஆவியாகிச் சில டிகிரி குறையும்; ஆற்றுப்படுகையின் புழுக்கத்தில் அந்தப் பலனும் பாதிதான். நம்பத்தக்கது நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்றே. இரவில் கரண்ட் போனால் சில்லர், ஃபில்டர், காற்று மோட்டார் மூன்றும் சேர்ந்தே நிற்கும். காலையில் கரண்ட் வந்திருக்கும், நடந்தது யாருக்கும் தெரியாது.

அம்மோனியா

கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டியும் விலங்கும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்த இடங்களில் முதல் மாதத்திலேயே இறப்பு நேர்வதற்கு இதுவே காரணம்.

பழைய தொட்டியில் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை பஞ்சை எடுத்துக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து கழுவுகிறார்கள். குழாய்நீரில் குளோரின் இருக்கிறது, பாக்டீரியா செத்துப்போகிறது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வீட்டார் தொட்டி சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். திங்களும் செவ்வாயும் அம்மோனியா ஏறும். புதன்கிழமை தீனியைத் தொடாது. செவுள் இழைகள் வெளிறிச் சுருங்கும், அல்லது முன்பக்கம் மடங்கும். வால் நுனி கொக்கிபோல் வளையும். வியாழன் காலையில் வயிறு மேலாகக் கிடக்கும். துப்புரவுக்கும் சாவுக்கும் இடையே நான்கு நாள் இருப்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசினாலே போதும்.

வெப்பம் இங்கும் கைகோக்கிறது. 20 டிகிரியும் பி.எச். 7-உம் உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் 0.4 சதவீதம். 30 டிகிரி, பி.எச். 8 என்றால் 7.5 சதவீதம். குளிர்காலத்தில் தாங்கிய அதே அழுக்குத் தொட்டி கோடையில் உயிரை வாங்குவது இதனால்தான்.

நச்சுகளும் பிறவும்

இந்தியக் குடிநீர்த் தரநிலை குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று அளவு கூடலாம். செவுளும் மெல்லிய தோலும் அதைத் தாங்கா. நீரை ஒரு நாள் திறந்து வைத்தோ குளோரின் நீக்கி கலந்தோதான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை; ஆனால் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றூட்டிப் பயன்படுத்துவது நல்லது.

கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், தெருவில் அடிக்கும் கொசுப்புகை ஆகியவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. காற்று மோட்டார் அறைக்காற்றை அப்படியே நீருக்குள் தள்ளுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வயலில் மருந்தடித்துவிட்டு வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டியில் விடுவதும் அப்படியே. செம்பு கலந்த மீன் மருந்துகளும் ஆகாது.

வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சி விழுங்கும் பழக்கத்தால், அழகுக்குப் போட்ட கூழாங்கல்லும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். ஏரோமோனாஸ் பாக்டீரியா, சாப்ரொலெக்னியா பூஞ்சை, ரானாவைரசு ஆகியவை நோய்வழிக் காரணங்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த உடலில்தான் ஏறுகின்றன. அரிதாகச் சில, செவுள் உதிர்ந்து தரைவாழ் உருவத்துக்கு மாறும். பாரிசில் விலங்கியலாளர் ஓகுஸ்த் துமெரில் 1865-ல் கண்ட இந்த மாற்றத்தின் நடுவிலும் இறப்பு நேர்வதுண்டு.

இறந்தபின் செய்ய வேண்டியவை

தொட்டியைக் கலைக்கும் முன் ஒரு சுத்தமான பாட்டிலில் நீரைப் பிடித்து வைத்து, வெப்பநிலை, பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் நான்கையும் அன்றே பார்க்க வேண்டும். உடல் மிக விரைவில் அழுகும். ஃபிரீசரில் வைத்தால் திசுக்கள் சிதைந்து சோதனைக்கு உதவாது; ஈரப் பஞ்சில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். வலங்கைமான் பகுதியிலிருந்து எட்டக்கூடிய தொலைவில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் உள்ளன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

ஆக்சலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-ல் திருத்தப்பட்ட இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் 2024 விதிகளும் இதை வைத்திருப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பொரித்தாலும் வளர்த்தது இறந்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.