ஒடுங்கிய உடல், பருத்த கால்

கௌபாய் படங்களில் ‘தேடப்படுகிறார்’ என்று மிரட்டும் சுவரொட்டியின் எழுத்து எல்லோருக்கும் பழக்கம். உடல் ஒடுங்கியிருக்கும், தலையிலும் காலிலும் மட்டும் பட்டையாகக் கட்டை வைத்திருக்கும். பார்த்தால் அமெரிக்கப் புழுதியில் பிறந்தது போலிருக்கும். சொந்த ஊர் என்னவோ லண்டன்தான்.

அங்கே 1810களில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் இப்படிக் கட்டை வைத்த ‘ஸ்லாப் செரிஃப்’ வகையைத் தன் மாதிரிப் புத்தகத்தில் வெளியிட்டார். எல்லாமே கேப்பிடல் எழுத்துகள். கூச்சலிடும் விளம்பரங்களுக்கு அது போதுமாக இருந்தது.

1845இல் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி கொண்டுவந்த ‘கிளாரண்டன்’ வேறு வேலைக்கு வந்தது. பெஞ்சமின் ஃபாக்ஸ் வெட்டிய அந்த எழுத்து அகராதிகளுக்கும் கையேடுகளுக்கும் உகந்தது. சாதாரண எழுத்துகளோடு ஒரே வரியில் உட்கார வேண்டும், தலைச்சொல் பளிச்சென்று தெரிய வேண்டும், ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் ஒடுக்கம். கட்டையும் தண்டும் சேருமிடத்தில் சின்ன வளைவு கொடுத்து முரட்டுத்தனத்தையும் குறைத்திருந்தார்கள். பிரிட்டனின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பெஸ்லி இதைப் பதிவுசெய்தார். பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். கெடு முடிந்ததும் போட்டி வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன. பெஸ்லிக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்த எழுத்து ஊர் ஊராகப் பரவியதற்கு அந்த நகல்களும் ஒரு காரணம்.

போஸ்டருக்கு வேண்டிய பெரிய எழுத்தை ஈயத்தில் வார்ப்பது பெரும்பாடு. கனம் அதிகம், ஆறும்போது முகப்பு குழிந்துபோகும். அதற்கு வழி கிளாரண்டனுக்கு முன்பே பிறந்திருந்தது. 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்துக் குடையும் இயந்திரத்தை உருவாக்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பாண்டோகிராஃபை இணைத்தார். மாதிரி அச்சு ஒன்றைத் தடவிக்கொண்டே பல அளவுகளில் எழுத்து வெட்டிக்கொள்ளலாம். மேப்பிள் கட்டையைக் குறுக்கே அறுத்த முகப்பில்தான் வெட்டுவார்கள். அச்சு அழுத்தத்தை அதுதான் தாங்கும்.

எழுத்துக் கோக்கும் கம்போசிட்டருக்கு இது வரப்பிரசாதம். சுவரொட்டியின் ஒவ்வொரு வரியும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறைய வேண்டும். சின்னச் சொல்லுக்கு அகன்ற எழுத்து, நீளமான பெயருக்கு ஒடுங்கியது, அதிலும் அடங்காவிட்டால் இன்னும் ஒடுங்கியது. பழைய சர்க்கஸ் போஸ்டர்களில் வரிக்கு வரி எழுத்து மாறுவதை ரசனைக் குறைவு என்று சிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

1938இல் இங்கிலாந்தின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக ராபர்ட் ஹார்லிங் வரைந்த ‘பிளேபில்’ எழுத்துருவில் தண்டைவிடக் கால் பருமன். கணினிக்கும் குடிபெயர்ந்த அது இன்று கௌபாய் வாடை வேண்டிய இடத்திலெல்லாம் வந்து நிற்கிறது. மர எழுத்தும் மறைந்துவிடவில்லை. நாஷ்வில் நகரில் 1879இல் தொடங்கிய ஹாட்ச் ஷோ பிரின்ட் அச்சகம், இன்றும் அதைக் கோத்து மை தடவி இசைக் கச்சேரிகளுக்குப் போஸ்டர் அடித்துக்கொடுக்கிறது.